வரவா, இருக்கவா எண்டு கேட்ட தம்பிக்கு

கேள்வி: அக்கா, எனக்கு 26 வயசு, ஊர் களுவாஞ்சிகுடி. கிழக்குப் பல்கலைக்கழகத்தில கம்பியூட்டர் சயன்ஸ் படிச்சிட்டு கொழும்புல ஒரு வருசம், மறுகா புளூ கார்ட்ல (படிச்ச ஆக்களுக்கு ஐரோப்பாவில குடுக்கிற வேலை அனுமதி) ஜேர்மனியில பேர்லினுக்கு வந்து ஜூனியர் டெவலப்பரா இப்ப 16 மாசம். டீம்ல இருந்த ரெண்டு சீனியரையும் கம்பனி நிப்பாட்டிட்டு, நான் எழுதுற புரோகிராம் கோடைப் பாத்துப் பிழை சொல்ல ஆளில்ல, எல்லாரும் வீட்டில இருந்துதான் வேலை, நானும் ரூமுக்குள்ளயேதான். ஊர்ல தங்கச்சிட வீடு கூரை போடாம நிக்குது, அம்மாவுக்கு சீனி வருத்தம். வேலையை விட்டுட்டு மட்டக்களப்புக்கு வந்து ரிமோட்டா செய்வமா எண்டு யோசிக்கன். தோத்துப் போய் வந்திட்டான் எண்டு சனம் சொல்லுமா?

பதில்: தம்பி, உன்ட கடைசிக் கேள்விக்கு முதல்ல சொல்லிடுறன், சொல்லும். ரெண்டு கிழமைக்குச் சொல்லும், மறுகா வேற வீட்டுக் கதைக்குப் போயிடும். அதை வச்சு ஒரு முடிவும் எடுக்காத, வாறதுக்கும் சரி வராம விடுறதுக்கும் சரி.

உன்ட கடிதத்தை மூணு தரம் வாசிச்சன். வெளிநாடு உனக்குப் பிடிக்கல்ல எண்டு அதில ஒரு இடத்திலயும் இல்ல. தொழில் பழக்க ஆளில்ல எண்டிரிக்கு, கதைக்க ஆளில்ல எண்டிரிக்கு, வீட்டுக் காசு கழுத்தை நெரிக்குது எண்டிரிக்கு. மூணும் வேற வேற வருத்தம், நீ மூணுக்கும் சேத்து ஒரே மருந்தா பிளேன் டிக்கட் எடுக்கப் பாக்கிறாய். டிக்கட்டால தீருறது நடுவுல உள்ளது மட்டும்தான், அதுவும் பாதி.

நான் 2020ல இருந்து மட்டக்களப்புக் கல்லடியில இருந்துதான் ரிமோட்டா வேலை செய்யுறன், அதால உண்மையைச் சொல்ல ஏலும். அதுக்கு முதல் அஞ்சு வருசம் கொழும்புல ஒரு சீனியர் அண்ணனுக்குப் பக்கத்துக் கதிரையில இருந்தன். ப்ரொடக்‌ஷன் எண்டு சொல்லுற, ஆக்கள் பாவிக்கிற சிஸ்டம் விழுந்தா அவர் எந்த லொக்கை (சிஸ்டம் தன்ட பாட்டில எழுதி வைக்கிற பதிவை) முதல்ல திறக்கிறார், எதைத் தொடாம விடுறார், எப்ப கீபோர்ட்ல இருந்து கையை எடுத்திட்டு யோசிக்கிறார், இதெல்லாம் பாத்துப் பாத்துத்தான் எனக்கு வந்திச்சு, ஒரு டொக்கியூமெண்ட்லயும் அது இல்ல. அந்த அஞ்சு வருசத்தைக் கொண்டு வந்ததாலதான் 2022 மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாம கிடந்த நேரத்திலயும் என்னால தனியா நிண்டு வேலையை முடிக்க ஏலுமா இருந்திச்சு. உனக்கு அது இன்னும் கிடைக்கல்ல. பேர்லின்ல ரூமுக்குள்ள தனியா இருந்து படிக்க ஏலாம இரிக்கிற ஒரு ஜூனியர் களுவாஞ்சிகுடியில ரூமுக்குள்ள தனியா இருந்து படிப்பான் எண்டு நான் நம்பல்ல, அம்மாட புட்டும் மீன் குழம்பும் கிடைக்கும், ஆனா கோட் ரிவியூ கிடைக்காது. இங்க இருந்து வெளிநாட்டுக் கம்பனிக்கு வேலை செய்யுற ஆக்கள்ள எனக்குத் தெரிஞ்ச எல்லாரும் ஏற்கனவே தனியா நடக்கப் பழகினவங்கதான். வரி பெரிய பயமில்ல, 2025 ஏப்ரல்ல இருந்து வெளிநாட்டுக்குச் சேவை செஞ்சு வங்கிக்குள்ளால வாற வருமானத்துக்குக் கூடினது 15 வீதம்தான். உன்னை முதல்ல ஆர் எடுப்பாங்க எண்டதுதான் கஷ்டம்.

அதால நாட்டை மாத்த முதல் கம்பனியை மாத்து. புளூ கார்ட்ல முதல் 12 மாசத்துக்குள்ள வேலை மாறினாத்தான் வெளிநாட்டவர் அலுவலகம் நிப்பாட்டிப் பாக்க ஏலும், நீ அதைத் தாண்டிட்டாய். இன்டர்வியூக்குப் போற இடத்தில சம்பளத்தைக் கேக்க முதல் இதைக் கேள்: என்ட புல் ரிக்குவெஸ்ட்டை, அதாவது சேக்கச் சொல்லி நான் அனுப்புற கோட் மாற்றத்தை, ஆர் பாப்பாங்க, கிழமைக்கு எத்தனை நாள் அவங்க ஒபிஸுக்கு வருவாங்க, கடைசியா எடுத்த ஜூனியர் இப்ப என்ன செய்யுறார். மூண்டாவது கேள்விக்குத் தடுமாறினா அந்த இடம் வேணாம், ஐநூறு யூரோ கூடத் தந்தாலும் வேணாம். புது வேலை கையில வாற வரைக்கும் பழசை விடாத. நீயா விட்டா வேலையில்லாத ஆக்களுக்குக் குடுக்கிற காசை 12 கிழமை வரைக்கும் மறிப்பாங்க, புளூ கார்ட் ஆளுக்கு அடுத்த வேலை தேட மூணு மாசம்தான் எண்டதையும் மனசில வச்சிரு.

இன்னொண்டு, இதைத்தான் உனக்கு ஆரும் சொல்லல்லப் போல. புளூ கார்ட்ல 21 மாசம் வேலை செஞ்சு ஜேர்மன் பாஷையில பி1 (நடுத்தர மட்டம்) இரிந்தா நிரந்தர அனுமதிக்குப் போட ஏலும், ஏ1 (ஆரம்ப மட்டம்) மட்டும்தான் எண்டா 27 மாசம். உனக்கு 16 ஆச்சு, அஞ்சு மாசம்தான் மனே! கேதே எண்ட ஜேர்மன் பாஷை நிறுவனத்திட பி1 சோதனையை நாலு பகுதியாப் பிரிச்சும் எழுதலாம், விழுந்த பகுதியை மட்டும் திரும்ப எழுதலாம். பின்னேரம் வகுப்புக்குப் போ, ஒன்லைன் வகுப்பு வேணாம், ஆக்கள் இரிக்கிற வகுப்புக்குப் போ, உனக்கு ரூமை விட்டு வெளிக்கிட ஒரு காரணம் வேணும். அந்த அனுமதி கையில இருந்தா வேலை போனாலும் மூணு மாசக் கணக்குப் பாக்கத் தேவையில்ல, அப்ப ஊருக்கு வாற யோசினை வந்தா அது பயத்தில வாற யோசினையா இருக்காது. கன நாள் தொடர்ந்து வெளியில நிண்டா அது இல்லாமப் போகும், அதால வெளிக்கிட முதல் எத்தனை மாசம் நிக்கலாம் எண்டு வெளிநாட்டவர் அலுவலகத்திட்ட எழுத்தில கேட்டு வாங்கு. எல்லாம் யோசிச்சு மொத்தமா வாறதெண்டாலும் ஓய்வூதியத்துக்கு மாசா மாசம் உன்ட சம்பளத்தில கழிக்கிற 9.3 வீதத்தை மறந்திடாத, 60 மாசத்துக்குக் குறைவாக் கட்டியிருந்தா ஊருக்கு வந்து 24 மாசத்துக்குப் பிறகு திருப்பிக் கேக்கலாம்.

அம்மாட விசயம். வேலை முடிஞ்சு நீ ஆறு மணிக்கு எடுத்தா குளிர்காலத்தில இங்க பத்தரை, அவ குளிசையும் போட்டுட்டுப் படுத்திருவா, நித்திரைக் குரல்ல "ஓம் மனே, சுகமா இரிக்கன்" எண்டுதான் சொல்லுவா. காலமை ஏழு மணிக்கு எடு, இங்க பதினொண்டரை, குசினியில நிப்பா, போனை அங்கேயே வச்சிட்டுக் கதைக்கச் சொல்லு. சீனி எவ்வளவு, கிளினிக்குக்குப் போனாவா எண்டதெல்லாம் மீன் வெட்டக்குள்ளதான் வாயில வரும்.

வீட்டுக் காசுக்கு வாறன். இதை ஒரு தங்கச்சியா இருந்துதான் எழுதுறன். எங்கட பக்கம் வீடு பொம்புளப் பிள்ளைக்குத்தான், அண்ணன்மார்தான் கட்டணும், எனக்கும் என்ட அண்ணன் கட்டார்ல நிண்டுதான் கட்டித்தந்தார். ஒம்பது வருசம். மேல ஒரு தட்டுப் போடுவம் எண்டு வீட்டில கதைச்ச நேரம் நானும் ஓமெண்டன், அவரிட்ட மாசக் கடைசியில எவ்வளவு மிஞ்சுது எண்டு நான் ஒருநாளும் கேக்கல்ல, அவரும் சொல்லல்ல. அவர் ரெண்டு வருசம் மதியச் சாப்பாட்டை விட்டவர் எண்டு எனக்குத் தெரிய வந்தது அவர் வயித்துப் புண்ணோட திரும்பி வந்த பிறகு. இந்த வீட்டுக்குள்ள இருந்து இதை எழுதக்குள்ளயும் எனக்கு நெஞ்சு அடைக்குது. சொல்லியிருந்தா நான் ஓட்டுக் கூரையோட சந்தோசமா இருந்திருப்பன், சத்தியமா.

உன்ட தங்கச்சியும் அப்பிடித்தான் இருப்பா, அவவுக்குக் கணக்குத் தெரியா. அம்மாவுக்குச் சொல்லாத, அவ நித்திரை கொள்ள மாட்டா. தங்கச்சிக்கு மட்டும் சம்பளச் சீட்டைப் படமெடுத்து அனுப்பு, வரி போக, வாடகை போக, சாப்பாடு போக மிச்சம் இவ்வளவு, இதில மாசம் இவ்வளவுதான் அனுப்ப ஏலும் எண்டு எழுது.

சட்டப்படி உனக்கு வருசத்துக்கு ஆகக் குறைஞ்சது 20 நாள் லீவு இரிக்கு. பதினஞ்சை ஆடி அமாவாசையை ஒட்டி எடு, மாமாங்கக் கோயிலுக்கு அம்மாவோட போ. அடுத்த நாள் தங்கச்சியைக் கூட்டிட்டுப் போய் அந்தக் கூரை போடாத வீட்டுக்குள்ள ரெண்டு பேரும் நிண்டு எந்த அறையை இப்ப முடிக்கிற, எதை அவள் வேலைக்குப் போன பிறகு முடிக்கிற எண்டு கதைங்க. மேசனையும் கூப்பிட்டு வச்சுக் கதைங்க, விலையைத் தங்கச்சி அவர் வாயாலயே கேக்கட்டும். பி1 ரிசல்ட் வந்த உடன எனக்கு எழுது, வாறதோ இருக்கிறதோ, அப்ப இன்னொருக்கா இருந்து யோசிப்பம்.