முப்பது பேருக்கும் மூச்சு 20: செவிலியர் கேள்வி பதில்

அரசு மருத்துவமனை வார்டுகளில் 26 ஆண்டுகள் பணியாற்றினேன். பெரும்பகுதி மருத்துவப் பிரிவு, சில ஆண்டுகள் பிரசவ வார்டு. வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

நோயாளி மோசமாகிறார் என்பதை எதை வைத்து முதலில் கண்டுபிடிப்பது? (பயிற்சி மாணவி, மதுரை)

மூச்சை வைத்து. எந்த வார்டிலும் கேஸ் ஷீட்டுகளைப் புரட்டிப் பாருங்கள், முப்பது பேருக்கும் மூச்சு எண்ணிக்கை 20 என்றே எழுதியிருக்கும். முப்பது பேரும் ஒரே தாளத்தில் மூச்சுவிட அங்கே பஜனையா நடக்கிறது? யாரும் எண்ணவில்லை, அவ்வளவுதான். உடல் தன்னால் முடிந்தவரை ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும். மூச்சு அதற்கு வெகுநேரம் முன்பே வேகமெடுத்துவிடும். நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே ஒரு நிமிடம் முழுதாக மார்பைப் பார்த்து எண்ணுங்கள். எண்ணுகிறோம் என்று தெரிந்தால் அவர் மூச்சை மாற்றிவிடுவார்.

பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012இல் வகுத்து 2017இல் திருத்திய எச்சரிக்கை மதிப்பெண் முறையில், மூச்சு 25ஐத் தொட்டாலே 3 மதிப்பெண், அதாவது உடனே கவனி என்று பொருள். திருத்தத்தில் சேர்ந்த இன்னொன்று, புதிதாக வரும் மனக்குழப்பம். நேற்றுவரை பெயர் சொல்லி அழைத்த தாத்தா இன்று உங்களைத் தன் மகள் என்று நினைத்தால் அதற்கும் 3.

டெங்குக் குழந்தைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. வீட்டுக்குப் போகிறோம் என்று பெற்றோர் நச்சரிக்கிறார்கள். (தனியார் மருத்துவமனைச் செவிலியர், ஈரோடு)

டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் நமக்குக் காய்ச்சல் வரவேண்டிய நேரம். பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கும்; அடுத்த 24 முதல் 48 மணி நேரம் ஆபத்தானது. எல்லோரும் ரத்தத் தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் பார்ப்பது சிறுநீர், பாதத்தின் சூடு, ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் உள்ள இடைவெளி.

ஒரு நைட் டூட்டியில் ஒன்பது வயதுச் சிறுமி. "இன்றுதான் நிம்மதியாகத் தூங்குகிறாள், சிஸ்டர், எழுப்பாதீர்கள்" என்றார் தாய். போர்வைக்குள் கைவிட்டுப் பாதத்தைத் தொட்டேன், சில்லென்றிருந்தது. அழுத்தம் 96/78. மேலே உள்ள 96ஐ மட்டும் பார்த்தால் மனம் ஆறிவிடும், இடைவெளி 18தான். 20 அல்லது அதற்குக் கீழே வந்தால் அது அதிர்ச்சி நிலை (ஷாக்), உறுப்புகளுக்கு ரத்தம் போதாத நிலை. அந்தத் தூக்கம் தூக்கமே அல்ல. டூட்டி டாக்டர் ஓடிவந்தார், திரவம் ஏற்றினோம். காலையில் இட்லி வேண்டும் என்று அழுதாள்.

உங்கள் குழந்தை விஷயத்தில் முடிவு மருத்துவருடையது. ஆனால் 48 மணி நேரம் காய்ச்சலின்றி, ட்ரிப்ஸ் இல்லாமலேயே ஹீமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) நிலையாக இருந்து, பசியும் சிறுநீரும் சரியாகும்வரை அனுப்பச் சொல்லி நீங்கள் பரிந்துரைக்காதீர்கள். வயிற்றுவலியோ ஓயாத வாந்தியோ இருந்தால் பேச்சுக்கே இடமில்லை.

இரவில் அழைத்தால் டாக்டர் எரிந்துவிழுகிறார். (புதிதாகச் சேர்ந்தவர், கடலூர்)

"சார், அவர் ஒரு மாதிரி இருக்கிறார்" என்றால் யாரும் எரிந்துதான் விழுவார்கள். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து மருத்துவமனைகளுக்கு வந்த ஓர் ஒழுங்கு உண்டு: இப்போது என்ன, பின்னணி என்ன, நான் என்ன நினைக்கிறேன், எனக்கு என்ன வேண்டும். "12ஆம் கட்டில், குடல் அறுவை முடிந்து இரண்டாம் நாள். ஒரு மணி நேரமாக மூச்சு 28, நாடி 118, சிறுநீர் குறைந்துவிட்டது. கிருமித்தொற்று ரத்தத்தில் பரவுகிறதோ என்று அஞ்சுகிறேன். நீங்கள் வந்து பார்க்கவேண்டும்." அரை நிமிடம்கூட ஆகாது. வரவில்லையென்றால் அவருக்கு மேலே உள்ளவரை அழையுங்கள். திட்டு வாங்குவது பழகிவிடும். அழைக்காமல் விட்ட ஓர் இரவு எனக்கு இன்னும் பழகவில்லை.

வலிப்பு வந்த கர்ப்பிணிக்கு அடுத்த மக்னீசியம் சல்பேட் ஊசி போடவேண்டிய நேரம். முழங்கால் தட்டினால் துள்ளவில்லை. ஆனால் உத்தரவு எழுதப்பட்டிருக்கிறது. (ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர்)

போடாதீர்கள். உடனே மருத்துவரை அழையுங்கள். முழங்கால் துள்ளல் இருக்கவேண்டும், மூச்சு நிமிடத்துக்கு 16க்குக் குறையக்கூடாது, சிறுநீர் மணிக்கு 30 மில்லியாவது வந்திருக்கவேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் ஊசியை நிறுத்திவைக்கவேண்டும். துள்ளல் போன பிறகு போவது மூச்சுதான். மக்னீசியத்தை முறிக்கும் மருந்தான கால்சியம் குளுக்கோனேட் அலமாரியில் பூட்டிக் கிடக்காமல் கட்டிலருகே இருக்கட்டும். சாவி யாரிடம் என்று தேடும் நேரமா அது?

அப்பாவுக்கு நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். ஆக்சிஜன் 90தான் காட்டுகிறது, கூட்டச் சொன்னால் சிஸ்டர் மறுக்கிறார். அலட்சியமா? (ஒரு மகன்)

இல்லை. இந்த நோயில் பலருக்கு இலக்கே 88 முதல் 92தான். அளவுக்கு மேல் கொடுத்தால் கரியமிலவாயு உடலில் தேங்கி மயக்கம் வரலாம். இதை உங்களுக்கு அவர் விளக்காதது குறைதான்.

இன்சுலினில் அடிக்கடி நடக்கும் தவறு?

சிரிஞ்ச். மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பிக்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், 100 யூனிட் குப்பிக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்ச். 100 குப்பியை 40 சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போகும்.

நாற்பது நோயாளிகள், நான் ஒருத்தி. யாரை முதலில் பார்ப்பது? (அரசு மருத்துவமனை, தஞ்சாவூர்)

இப்படி ஒரு கேள்வி எழும் நிலையே தவறு. ஆனால் உங்கள் டூட்டி இன்றிரவே இருக்கிறது. மருந்து வண்டியைத் தொடுவதற்கு முன் வெறுங்கையோடு ஒரு சுற்று வாருங்கள். கத்திக் கூப்பிடுபவருக்குக் கத்த மூச்சு இருக்கிறது. சாப்பாட்டுத் தட்டு அப்படியே இருக்க, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பவரிடம் முதலில் போங்கள். தோளைத் தொட்டு ஊர் எது என்று கேளுங்கள். பதில் எப்படி வந்தது என்பதை மணியோடு எழுதுங்கள். "இரவு" என்று வேண்டாம், 9.40 என்று.