தம்பிக்குக் காதில் குரல்கள் கேட்கின்றன, மாத்திரையோடு சேர்த்து வீட்டில் நாங்கள் என்ன செய்யலாம்?

தம்பிக்கு மாத்திரை ஆரம்பித்தாகிவிட்டது, குரல் குறைந்திருக்கிறது, ஆனால் நிற்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மா மந்திரிக்கக் கூட்டிப் போகலாம் என்கிறார் என்றும் சொல்லியிருக்கிறீர்கள். என் அண்ணனுக்கும் பல வருடமாகக் குரல்கள் கேட்கின்றன. கூட இருந்து பார்த்ததையும் படித்துத் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன்.

"அப்படி ஒரு குரலே இல்லை, எல்லாம் உன் பிரமை" என்று வாதாடாதீர்கள். அதற்காக "எனக்கும் கேட்கிறது" என்று பொய் சொல்லவும் வேண்டாம். "எனக்குக் கேட்கலடா, உனக்குக் கேட்குதுன்னு நம்புறேன். என்ன சொல்லுது?" இவ்வளவு போதும். ஆண் குரலா பெண் குரலா, தெரிந்தவர் குரல் மாதிரி இருக்கிறதா, எந்த நேரத்தில் அதிகம், முதல் தடவை கேட்டபோது வீட்டிலும் கல்லூரியிலும் என்ன நடந்துகொண்டிருந்தது என்றெல்லாம் அவன் சொல்லத் தயாராக இருக்கும்போது மெதுவாகக் கேளுங்கள்.

இந்த அணுகுமுறை நெதர்லாந்தில் பிறந்தது. மாரியஸ் ரோம் என்ற மனநல மருத்துவரிடம் சிகிச்சையில் இருந்த பாட்ஸி ஹேஹ் என்ற பெண், தன் குரல்களை நோய்க்குறி என்று ஒதுக்காமல் காதுகொடுத்துக் கேட்கும்படி விடாமல் வற்புறுத்தினார். 1987இல் இருவரும் தொலைக்காட்சியில் தோன்றிப் பேசியதும் சுமார் 700 பேர் தொடர்புகொண்டார்கள். அவர்களில் நூற்றுக்கணக்கானோர் குரல் கேட்பவர்கள். மருத்துவரிடமே போகாமல் குரல்களோடு ஒத்துப்போய் வாழ்ந்தவர்களும் அதில் இருந்தார்கள். அந்த வழிகளைக் கேட்டுத் தொகுத்ததில்தான், குரல் கேட்பவர்கள் கூடிப் பேசும் குழுக்கள் பல நாடுகளில் வந்தன.

நம் ஊரையும் சேர்த்து ஓர் ஆய்வு உண்டு. மானுடவியலாளர் தான்யா லுஹ்ர்மன் குழுவினர் சென்னை, கானாவின் அக்ரா, கலிஃபோர்னியாவின் சான் மேட்டியோ மூன்றிலும் தலா 20 பேரிடம் பேசினார்கள். அமெரிக்கர்கள் வன்முறையும் மிரட்டலுமான குரல்களைப் பற்றி அதிகம் சொன்னார்கள். சென்னையில் பாதிக்கு மேற்பட்டோர், சொந்தக்காரர்களின் குரல் வீட்டு வேலையைச் செய்யச் சொல்வதாகச் சொன்னார்கள். தம்பிக்குக் கேட்பது தாத்தா குரல் என்றால் பதற வேண்டாம். அது அவனைத் திட்டுகிறதா, துணையாக இருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

அண்ணனுக்கு உதவியவற்றைச் சொல்கிறேன். பாட்டை முணுமுணுப்பது முதலாவது. காய் நறுக்கும்போது இடைவிடாமல் ஏதாவது ஒரு மெட்டை இழுத்துக்கொண்டிருப்பார். குரல் கேட்கும் நேரத்தில் உதடு, தொண்டைத் தசைகள் மிக நுண்ணியதாக அசைவதைச் சில ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. நாமே பாடினால் அந்தத் தசைகளுக்கு வேறு வேலை கொடுத்த மாதிரி. அடுத்தது செல்போன். பஸ் ஸ்டாண்டில் குரலுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தால் போனைக் காதில் வைத்துக்கொண்டு, "இப்ப முடியாது, ஏழு மணிக்கு வா" என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுவார். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சொன்னபடி ஏழு மணிக்கு மாடியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அதற்கு ஒதுக்குவார். நேரம் குறிப்பது பல நாட்டுக் குழுக்களிலும் சொல்லித்தருகிற வழிதான். எடுத்தவுடன் பலிக்காது, ஆனால் யார் கை ஓங்கியிருக்கிறது என்பது மெல்ல மாறும்.

லண்டனில் இதையே கணினியில் செய்கிறார்கள். ஜூலியன் லெஃப் தொடங்கிய அவதார் சிகிச்சையில், தன்னைத் துன்புறுத்தும் குரலுக்கு நோயாளியே திரையில் ஒரு முகம் அமைப்பார். சிகிச்சையாளர் அந்த முகமாகப் பேசுவார், நோயாளி எதிர்த்துப் பேசப் பழகுவார். 150 பேரை வைத்துச் செய்த சோதனையில், 12 வாரத்தில் வழக்கமான ஆலோசனையைவிட நல்ல பலன் தெரிந்தது. 24 வாரத்தில் அந்த வித்தியாசம் இல்லை. வீட்டில் யாரும் அந்தக் குரலாக நடித்துப் பார்க்காதீர்கள், அது பயிற்சி பெற்றவர்கள் செய்ய வேண்டியது.

குடும்பத்தார் செய்ய ஒன்று உண்டு. தானே குரல் கேட்பவரான அமெரிக்க உளவியலாளர் பாட்ரிசியா டீகன், குரல்களைப் பதிவு செய்து ஹெட்ஃபோனில் கேட்கவைத்தபடியே மற்றவர்களைச் சாதாரண வேலை செய்யச் சொல்லும் ஒரு பயிற்சியை உருவாக்கினார். நாங்கள் என் கணவரிடம் பேங்க் சலானைக் கொடுத்துவிட்டு, நானும் மகளும் இரண்டு காதிலும் "தப்பா எழுதுற, எல்லாரும் பாக்குறாங்க" என்று முணுமுணுத்தோம். கணக்கு எண்ணையே தப்பாக எழுதி, எரிச்சலோடு எழுந்துவிட்டார். அதற்கப்புறம் அண்ணன் பதில் சொல்லத் தாமதித்தால் அவர் அவசரப்படுத்துவதில்லை. உங்கள் அப்பாவை உட்காரவைத்துச் செய்து பாருங்கள்.

அம்மாவுக்குக் கோயிலோ தர்காவோ ஆறுதல் என்றால் போய்வரட்டும், தம்பிக்கும் இஷ்டமிருந்தால் கூடப் போகட்டும். மாத்திரை மட்டும் நிற்கக் கூடாது, கட்டிப்போடும் இடத்தில் ஒரு ராத்திரி கூட விடக் கூடாது. 2001 ஆகஸ்டில் ஏர்வாடி தர்கா பக்கம் மனநோயாளிகளைக் கட்டிவைத்திருந்த ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கிடந்த 28 பேர் ஓட முடியாமல் இறந்தார்கள்.

குரல் அவனையோ மற்றவரையோ காயப்படுத்தச் சொன்னால், சாப்பாடு தூக்கம் நின்றுபோனால், மேலே சொன்ன எதையும் முயன்றுகொண்டிருக்காமல் அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். எந்த நேரமானாலும் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416க்குக் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம்.