டீன் பட்டியல், கியூ1, மானியம்: உளவியல் துறை மடலைப் பற்றிச் சுங்கை சிப்புட்டிலிருந்து வந்த கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள நம் ஊர் சுங்கை சிப்புட். நம் ஊர்ப் பிள்ளைகள் சிலர் படிக்கும் ஒரு பல்கலைக்கழகத்தின் உளவியல் துறை, ஆண்டு இறுதிச் செய்தி மடலை அனுப்பியிருக்கிறது. நான்கு பக்கம், பாதிக்கு மேல் படங்கள். அதைப் பார்த்துவிட்டுப் பெற்றோரும் மாணவர்களும் கேட்டவை இங்கே. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

"பக்கத்து வீட்டுப் பிள்ளை பேரு டீன் லிஸ்ட்ல வந்திருக்கு. அப்படின்னா ஃபர்ஸ்ட் கிளாஸா?" (ஹீவூட் தோட்டம், ஓர் அம்மா)

இல்லைங்கம்மா. டீன் பட்டியல் ஒரு செமஸ்டருக்கு மட்டும் உரியது. அந்தச் செமஸ்டரின் சராசரி 4.00இல் 3.50 அல்லது அதற்கு மேல் வந்தால் சில இடங்களில் பெயர் வரும், சில இடங்களில் 3.75 வேண்டும். எடுத்த கிரெடிட் (பாட அலகு) குறைந்தபட்ச அளவுக்குக் கீழே இருந்தால், புள்ளி எவ்வளவு நன்றாக இருந்தாலும் பெயர் வராது. முதல் வகுப்பு என்பது எல்லாச் செமஸ்டரும் சேர்ந்த மொத்தச் சராசரியைப் பார்த்துக் கடைசியில் சொல்வது. உளவியலில் முதல் ஆண்டு நன்றாகப் போய், இரண்டாம் ஆண்டில் புள்ளியியல் பாடம் வந்ததும் சறுக்குகிறவர்கள் நிறையப் பேர். அதைத் தாண்டி நான்காவது, ஐந்தாவது செமஸ்டரிலும் பெயர் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் பிள்ளை கெட்டிதான்.

"எப்.ஆர்.ஜி.எஸ். மானியம் கிடைச்ச லெக்சரர்னு பெரிசா படம் போட்டிருக்காங்க. அந்தக் காசு அவருக்கா?"

ஒரு காசு கூட அவர் பையில் போடக்கூடாது. அது உயர்கல்வி அமைச்சு அடிப்படை ஆய்வுக்குக் கொடுக்கும் பணம். பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுக்கு வரும். ஆய்வு உதவியாளர் சம்பளம், பயணம், கருவி, ஆய்வில் பங்கெடுப்பவர்களுக்குச் சிறு அன்பளிப்பு என்று தலைப்பு வாரியாகத்தான் செலவழிக்க முடியும், கணக்கும் காட்ட வேண்டும். உங்கள் மகன் முதுகலை படிக்க நினைத்தால் இந்த மடலிலேயே அவனுக்கு மிகப் பயனான செய்தி இதுதான். மானியம் வந்த விரிவுரையாளருக்கு உதவியாளர் தேவைப்படும். மடல் வந்த வாரமே மின்னஞ்சல் போடச் சொல்லுங்கள். மதிப்பெண் பட்டியலையும் தன்விவரத்தையும் இணைத்து, எந்தப் புள்ளியியல் மென்பொருள் தெரியும் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

"கியூ1 இதழில் கட்டுரை, கியூ1 இதழில் கட்டுரைன்னு ஏழு இடத்துல இருக்கு. அப்படின்னா என்ன?"

ஒரு துறையின் ஆய்விதழ்களை, அவற்றின் கட்டுரைகளை மற்றவர்கள் எத்தனை தடவை மேற்கோள் காட்டுகிறார்கள் என்பதை வைத்து வரிசைப்படுத்தி நாலு கூறாக வெட்டினால், மேல் கால் பங்கு கியூ1. ஸ்கோபஸ் என்ற ஆய்விதழ்த் தரவுத்தளம் ஒரு வரிசை வைத்திருக்கிறது, வெப் ஆஃப் சயன்ஸ் என்பது இன்னொன்று. ஒரே இதழ் சமூக உளவியல் பிரிவில் கியூ1 ஆகவும் வேறு பிரிவில் கியூ2 ஆகவும் இருக்கலாம். துறைகள் எதைப் போடும் என்று சொல்லத் தேவையில்லை.

முக்கியமாக, அது இதழின் இடம்தான், கட்டுரைக்குப் போட்ட மார்க் இல்லை. 2015இல் ஒரு பெரிய குழு, நல்ல உளவியல் இதழ்களில் வந்த 100 ஆய்வுகளை மறுபடி செய்து பார்த்தது. மூல ஆய்வுகளில் 97 விழுக்காடு புள்ளியியல்படி தேறியிருந்தன. மறுபடி செய்தபோது 36 விழுக்காடுதான் தேறின. அதனால் கட்டுரையில் மூன்றைப் பாருங்கள்: முதல் பெயர் யாருடையது, எத்தனை பேரிடம் தரவு எடுத்தார்கள், என்ன செய்யப் போகிறோம் என்பதைத் தரவு எடுக்கும் முன்பே பதிந்து வைத்தார்களா. இளங்கலை மாணவர் பெயர் முதலில் இருந்தால், இதழ் கியூ3 ஆனாலும் அதுதான் பெரிய சாதனை.

"நான் ரெண்டாம் வருஷம். அடுத்த வருஷ ஆய்வை நம்ம தோட்டத்துலயே, தமிழ்லயே செய்யணும்னு ஆசை. எத்தனை பேர் வேணும், எங்கே தொடங்கணும்?" (ஒரு மாணவி)

மடலில் வரும் பரிசுகளை விட இந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருக்கிறது தங்கச்சி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் யார் "தோட்ட மக்கள்" என்று முடிவு செய். இன்றைக்குச் செம்பனை வெட்டுகிறவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். லயத்தில் (தோட்ட வரிசை வீட்டில்) பிறந்த நம் ஆட்கள் பலர் தாமானுக்கு, அதாவது வீடமைப்புப் பகுதிக்கு, போய் வெகு நாளாகிறது. பிறந்த இடமா, இப்போது வசிக்கும் இடமா, வேலை செய்யும் இடமா? இதை எழுதாமல் போனால் வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியே அதுதான்.

எண்ணிக்கையை ஜி-பவர் என்ற இலவச மென்பொருளில் போட்டுப் பார். இரண்டு குழுக்களின் சராசரியை ஒப்பிட, நடுத்தர அளவு வேறுபாடு இருக்கும் என்று வைத்துக்கொண்டு, வழக்கமான 0.05 அளவிலும் (இல்லாததை இருப்பதாகச் சொல்லிவிடும் வாய்ப்பு) 80 விழுக்காட்டுத் திறனிலும் (இருப்பதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு) கேட்டால், குழுவுக்கு 64, மொத்தம் 128 வரும். இரண்டு அளவைகளுக்கு இடையே 0.3 தொடர்பைத் தேடினால் ஏறக்குறைய 85 பேர். பாதியில் எழுந்து போகிறவர்களுக்காக இன்னும் 20 விழுக்காடு சேர்த்துக்கொள். முப்பது பேரைக் கேட்டுவிட்டு "தொடர்பு இல்லை" என்று எழுதாதே. தொடர்பு இருந்தாலும் முப்பது பேரில் அது அகப்படாமல் போகலாம்.

ஆங்கில வினாப்படிவத்தைத் தமிழாக்கும் மொழிபெயர்ப்பில்தான் பலர் கவிழ்கிறார்கள். இரண்டு பேர் தனித்தனியாகத் தமிழாக்க வேண்டும், இரண்டையும் சேர்த்து ஒன்றாக்க வேண்டும், மூலத்தையே பார்க்காத மூன்றாமவர் அதை மறுபடி ஆங்கிலத்துக்குக் கொண்டுபோக வேண்டும். மூலத்தோடு ஒத்துப் பார்த்தபின், ஐந்தாறு பேரிடம் படித்துக் காட்டி "உங்களுக்கு என்ன புரிந்தது?" என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வை. அங்கேதான் ஓட்டை தெரியும். மனச்சோர்வை அளக்கும் பி.எச்.கியூ-9 படிவத்தில் கவனம் சிதறுவதற்கு உதாரணமாகப் பத்திரிகை வாசிப்பது வரும். எழுத்துத் தெரியாத பாட்டி அந்தக் கேள்விக்கு என்ன சொல்வார்? ரோசன்பர்க்கின் தன்மதிப்பு அளவையில் 10 வரிகள், பாதி எதிர்மறை. அதில் "எனக்கு என் மேல் இன்னும் மரியாதை இருந்தால் நல்லது" என்கிற மாதிரி ஒரு வரி. அதற்கு ஆமாம் என்றால் தன்மதிப்பு குறைவு என்று கணக்கு. நம் ஆட்களோ அதை நல்ல ஆசையாக எடுத்துக்கொண்டு ஆமாம் என்பார்கள். "நான் எதற்கும் உதவாதவன் இல்லை" என்று எழுதி, பக்கத்தில் "ஒருபோதும் இல்லை" என்று கட்டம் போட்டால் படிக்கிறவருக்குத் தலை சுற்றும். அப்புறம் உள் ஒத்திசைவைக் காட்டும் குரோன்பாக் ஆல்பா 0.70க்குக் கீழே விழும், நீயும் ஆட்களைக் குறை சொல்வாய். மனச்சோர்வு, பதற்றம், மன அழுத்தம் மூன்றையும் அளக்கும் டாஸ்-21 பயன்படுத்தினால் ஒவ்வொரு பிரிவின் கூட்டுத்தொகையையும் இரண்டால் பெருக்கிய பிறகுதான் அட்டவணையோடு ஒப்பிட வேண்டும். இதை மறந்தால் எல்லாரும் சுகமாக இருப்பதாக முடிவு வரும்.

நெறிமுறைக் குழுவின் அனுமதி கையில் வரும் முன் ஒரு படிவம் கூடக் கொடுக்காதே. பின்தேதியிட்டு அனுமதி தரமாட்டார்கள், எடுத்த தரவு குப்பைதான். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் கையெழுத்து வேண்டும். தோட்டம் கம்பெனி நிலம், மேனேஜர் அனுமதியும் வேண்டும். ஆனால் மேனேஜர் சரி என்றதால் தொழிலாளியும் சரி என்றதாக ஆகாது. மண்டோர் (கங்காணி) பக்கத்தில் நிற்கும்போது யாரும் "வேலை பிடிக்கவில்லை" என்று கட்டம் போட மாட்டார்கள். பால்வெட்டு, பழ வேலை எல்லாம் முடிந்து ஆள் குளித்து டீ குடித்த பிறகு, சாயங்காலம் வீட்டு வாசலில் போய்க் கேள்.

"எம்.கியூ.ஏ. முழு அங்கீகாரம்னு கொண்டாடுறாங்க. இத்தனை நாள் இல்லாமலா நடத்துனாங்க?"

எம்.கியூ.ஏ. என்பது படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் அரசு அமைப்பு. புதுப் படிப்பு தற்காலிக அங்கீகாரத்தோடுதான் தொடங்கும். முதல் அணி மாணவர்கள் இறுதி ஆண்டுக்கு வரும்போது மறுபடி பரிசோதித்து முழு அங்கீகாரம் தருவார்கள். அதில் கோளாறு இல்லை, நல்ல செய்திதான். எம்.கியூ.ஏ. இணையப் பதிவேட்டில் படிப்பின் முழுப் பெயரைப் போட்டுத் தேடுங்கள். கல்லூரிப் பெயர் இருந்தால் மட்டும் போதாது.

"வெளிநாட்டுப் பல்கலையோட ஒப்பந்தம்னு கை குலுக்குற படம்?"

மாணவர் யாராவது போய்வந்த பிறகு பார்க்கலாம்.

"பட்டமளிப்புப் படத்துல இருக்குற என் தங்கச்சி மகள் இனி சைக்காலஜிஸ்ட்டுன்னு போர்டு போட்டு கிளினிக் திறக்கலாமா?" (எல்பில், ஒரு மாமா)

இளங்கலைப் பட்டத்தோடு முடியாதுங்க. மருத்துவ உளவியலாளர் என்ற பெயர் 2016ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டத்துக்குள், அதாவது சட்டம் 774க்குள், வருகிறது. 2020 ஜூலை முதல் அமலில் இருக்கிறது. அந்தப் பெயரில் பார்க்க மருத்துவ உளவியலில் முதுகலையும், அந்தச் சட்டத்தின் மன்றத்தில் பதிவும், தொழில் நடத்தும் சான்றிதழும் வேண்டும். முதுகலை சுமார் இரண்டு ஆண்டு, அதில் மேற்பார்வையோடு நோயாளிகளைப் பார்க்கும் மணிநேரம்தான் நெருக்குதல். இடமும் குறைவு.

ஆற்றுப்படுத்துநர், அதாவது கவுன்சிலர், வேறு பாதை. 1998ஆம் ஆண்டுச் சட்டம் 580இன் கீழ் ஆற்றுப்படுத்துநர் வாரியத்தில் பதிந்து, நடத்தும் அனுமதியும் பெற வேண்டும். அதற்கு ஆற்றுப்படுத்துதலில் பட்டம் வேண்டும், பொது உளவியல் பட்டம் தானாக அங்கே கொண்டுபோகாது. தஞ்சோங் மாலிம் உப்சி பல்கலைக்கழகத்தில் ஆற்றுப்படுத்துதல் இருக்கிறது, கம்பார் உத்தார் பல்கலைக்கழகத்தில் உளவியல் இருக்கிறது. இரண்டு ஊருக்கும் சுங்கை சிப்புட்டிலிருந்து இ.டி.எஸ். ரயில் போகிறது. சேரும் முன்பே எந்தப் பாதை என்று முடிவு செய்தால் பிடிபிடிஎன் கல்விக் கடன் இரண்டு தடவை ஏறாது. மாத்திரை எழுதுவது இரண்டு பேரும் இல்லை, மனநல மருத்துவர்.

"போன வருஷம் பிள்ளைங்க வந்து படிவம் நிரப்பிட்டுப் போனாங்க. மடல்ல அவங்களுக்குப் பரிசுன்னு இருக்கு. எங்களுக்கு என்ன ஆச்சுன்னு யாரும் சொல்லல." (ஓய்வுபெற்ற பால்வெட்டுத் தொழிலாளி)

கேட்க வேண்டிய கேள்வி ஐயா. படிவத்தோடு ஒரு விளக்கத் தாள் கொடுத்திருப்பார்கள். அதில் ஆய்வாளர் தொலைபேசி, மேற்பார்வையாளர் பெயர், நெறிமுறை அனுமதி எண் இருக்கும். தாள் தொலைந்திருந்தால் மடலில் உள்ள துறை எண்ணுக்கு அழைத்து, பரிசு பெற்ற ஆய்வின் தலைப்பைச் சொன்னால் போதும். "முடிவைத் தமிழில் ஒரு பக்கம் அனுப்புங்கள்" என்று கேளுங்கள். இது உதவி கேட்பது ஆகாது. பெயர் எழுதாமல் நிரப்பிய படிவம் என்றால் உங்களுடையதை மட்டும் தேடித் தர அவர்களால் முடியாது, மொத்த முடிவைத்தான் தர முடியும்.

நீங்கள் நிரப்பியது பி.எச்.கியூ-9 என்றால் மொத்த மதிப்பெண் 27. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் நோய் என்று அர்த்தமில்லை, ஒருவர் உட்கார்ந்து பேசிப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம். கடைசிக் கேள்வி சாவதைப் பற்றியது. அதற்கு யாராவது "சில நாள்" என்று போட்டிருந்தால் கூட, படிவத்தை வாங்கிய பிள்ளைகள் அன்றைக்கே மேற்பார்வையாளரிடம் சொல்லி, அந்த ஆளைக் கிளினிக் கெசிஹாத்தான் என்ற அரசுச் சுகாதார நிலையத்துக்கு வழிகாட்டியிருக்க வேண்டும். அப்படி யாரையாவது நினைவிருந்தால் முடிவுத்தாளுக்குக் காத்திருக்காதீர்கள். சுகாதார அமைச்சின் ஹீல் என்ற மனநல உதவித் தொலைபேசி எண் 15555. தற்கொலைக்கு முயன்றவர் மேல் வழக்குப் போடும் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவை 2023இல் எடுத்துவிட்டார்கள், போலீசுக்குப் பயந்து மறைக்க வேண்டாம்.

முடிவுத்தாள் வந்தால் கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டி வையுங்கள். அடுத்த அணிப் பிள்ளைகள் படிவத்தோடு வரும்போது முதலில் அதைக் காட்டுங்கள்.