உழைத்து இளைத்த உடம்புக்கு இரத்தக் கொதிப்பு ஏன்?

கேள்வி: என் அம்மாவுக்கு 52 வயது. பல ஆண்டுகளாக வீட்டிலிருந்தே பீடி சுற்றுகிறார். எடை 42 கிலோதான். கறியும் எண்ணெய்ப் பலகாரமும் பண்டிகைக்குத்தான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரண்டு முறை பார்த்தபோதும் இரத்த அழுத்தம் 160/100-க்கு மேல் இருந்தது. கொடுத்த மாத்திரையைச் சில நாள் சாப்பிட்டுவிட்டு, “எனக்குத்தான் ஒன்றும் செய்யவில்லையே” என்று நிறுத்திவிட்டார். பணக்காரர்களுக்கு வரும் நோய் இவருக்கு எப்படி வந்தது?
— வாசகி, குடியாத்தம் வட்டம்

பதில்: இது பணக்காரர் நோய் என்ற எண்ணத்தாலேயே நம் கிராமங்களில் பலர் பக்கவாதம் வந்து படுத்த பிறகு முதன்முறையாக இரத்த அழுத்தம் பார்த்துக்கொள்கிறார்கள். உடல் பருமன் ஒரு காரணம்தான். ஒல்லியாக இருப்பதால் மட்டும் ஒருவர் தப்பிவிட முடியாது.

உங்கள் வீட்டுச் சாப்பாட்டை எண்ணிப் பாருங்கள், சகோதரி. காலையில் கேழ்வரகுக் கூழைக் கரைக்கும்போதே உப்பு. தொட்டுக்கொள்ள ஊறுகாயோ மோர்மிளகாயோ சுட்ட கருவாடோ இருந்தால் அதிலும் உப்பு. மதியம் ரேஷன் அரிசிச் சோறு. இரண்டு கரண்டிக் குழம்பில் ஒரு தட்டுச் சோறும் இறங்க வேண்டுமென்றால் அந்தக் குழம்பில் உப்பும் புளியும் காரமும் தூக்கலாகத்தான் இருந்தாக வேண்டும். காய்க்கும் பருப்புக்கும் காசு போதாத வீட்டில் சோற்றுக்கு ருசி கொடுப்பது உப்பு ஒன்றே என்பதை மருத்துவர்களாகிய நாங்கள் மறந்துவிட்டு “உப்பைக் குறையுங்கள்” என்று மட்டும் சொல்லி அனுப்புவது நியாயமில்லை. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஒரு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவு, அதுவும் எல்லா வேளைக்கும் சேர்த்து. உப்பிலுள்ள சோடியத்தைச் சிறுநீரில் வெளியேற்ற உதவும் பொட்டாசியம் கீரையிலும் காயிலும் பருப்பிலும் பழத்திலும் கிடைக்கிறது. ஏழைத் தட்டில் முதலில் குறைவதும் இவைதான். ஆகவே ஊறுகாயையும் கருவாட்டையும் வாரத்தில் ஓரிரு நாளுக்கு ஒதுக்கி, வேலியோரத்து முருங்கைக் கீரையை அடிக்கடி சமையுங்கள். சிறுநீரகம் நன்றாக இருக்கிறதென்று சோதனையில் தெரியும் வரை, கடைகளில் விற்கும் சோடியம் குறைந்த உப்பை வாங்க வேண்டாம். அதில் சேர்த்திருக்கும் பொட்டாசியம் பழுதடைந்த சிறுநீரகத்துக்கு ஆகாது.

அடுத்ததாக, அம்மாவிடம் பக்குவமாக இரண்டு விஷயங்களைக் கேட்டுப் பாருங்கள். முதலாவது, வெற்றிலையோடு புகையிலை போடுகிறாரா என்பது. மென்றாலும் புகைத்தாலும் நிகோட்டின் இரத்தக் குழாய்களைச் சுருக்கி அழுத்தத்தை ஏற்றும். பீடித் தூளைக் கையாள்பவர்களின் உடலில் அது தோல் வழியாகவும் தூசி வழியாகவும் ஓரளவு சேரவும் செய்கிறது. இரண்டாவது, வலி மாத்திரை. முறத்தை மடியில் வைத்து நாள் முழுதும் குனிந்திருப்பவர்களுக்குக் கழுத்தும் இடுப்பும் வலிக்காமல் இருக்காது. பெட்டிக்கடையிலும் மருந்துக் கடையிலும் சீட்டில்லாமல் வாங்கிப் போடும் டைக்ளோஃபினாக், ஐபூபுரோஃபென் போன்றவை உடலில் உப்பையும் நீரையும் தேக்கி அழுத்தத்தை உயர்த்துவதோடு, இரத்த அழுத்த மாத்திரைகள் சிலவற்றின் வேலையையும் மட்டுப்படுத்திவிடும். நான் மிகவும் அஞ்சுவது இதற்குத்தான், ஏனென்றால் இதைப் பற்றி மருத்துவரிடம் யாரும் சொல்வதில்லை.

கர்ப்ப காலத்தில் அவருக்கு அழுத்தம் ஏறியிருந்ததா, தாய் தந்தையருக்கு இருந்ததா என்பதையும் விசாரியுங்கள். எடை குறைவாகப் பிறந்தவர்களுக்குப் பிற்காலத்தில் இந்நோய் வரும் வாய்ப்பு அதிகம் என்பதும் அறியப்பட்டதே. கடன் தவணைக் கவலையும் தூக்கமின்மையும் தம் பங்குக்குச் சேர்கின்றன.

“ஒன்றும் செய்யவில்லை” என்பதுதான் இந்நோயின் இயல்பு. தலைவலியோ மயக்கமோ இல்லாமலே அது மூளையையும் இதயத்தையும் சிறுநீரகத்தையும் கெடுத்துக்கொண்டிருக்கும். மாத்திரை அழுத்தத்தைக் கட்டுக்குள் வைக்குமே தவிர நோயை அடியோடு போக்காது. நிறுத்தினால் பழையபடி ஏறிவிடும். அம்லோடிபின் என்ற இரத்த அழுத்த மாத்திரையைச் சாப்பிட்டுக் கால் வீங்கினால் மருத்துவரிடம் சொன்னால் மாற்றித் தருவார். தாமாக நிறுத்தக் கூடாது. உடனே மீண்டும் அழைத்துச் சென்று மாத்திரையைத் தொடங்குவதோடு, சிறுநீர், கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி இருக்கிறதென்று காட்டும் இரத்தச் சோதனை), சர்க்கரை, இ.சி.ஜி. ஆகியவற்றையும் பார்த்துவிடுங்கள். மாதந்தோறும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்க முடியாது என்பதும் உண்மையே. 2021 முதல் நடக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வரும், உங்கள் துணை சுகாதார நிலையத்துச் செவிலியரிடம் பெயர் பதிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: வேலூர் வெயிலில் நூறு நாள் வேலைக்குப் போகிறேன். வியர்வையில் உப்பு போய்விடுவதால், பி.பி. இருந்தாலும் கூடுதல் உப்பு வேண்டும் என்கிறார்கள். சரியா?
— வாசகர், அணைக்கட்டு

பதில்: சாதாரணமாக வேண்டியதில்லை, நம் சாப்பாட்டில் இருக்கும் உப்பே அந்த இழப்பை ஈடு செய்துவிடும். தண்ணீரையும் உப்பு மிகாத நீர்மோரையும் தாகம் எடுக்கும் முன்பே குடியுங்கள். சிறுநீரை அதிகமாக்கும் மாத்திரை சாப்பிடுபவராக இருந்து, எழுந்து நிற்கும்போது தலை சுற்றினால், கோடைக்கு ஏற்ப அளவை மாற்ற வேண்டுமா என்று மருத்துவரைக் கேளுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர் போர்வெல் தண்ணீர் உப்புக் கரிக்கிறது. காய்ச்சிக் குடித்தால் போதுமா?
— வாசகி, ஆம்பூர் அருகே

பதில்: காய்ச்சினால் கிருமி சாகும், உப்பு போகாது, நீர் ஆவியாகி வற்றுவதால் சற்றுச் செறியவும் செய்யும். பாலாற்றுப் படுகையில் தோல் தொழிற்சாலைக் கழிவால் நிலத்தடி நீர் உப்பேறிய ஊர்கள் பல உண்டு. அங்கே குடிநீரும் அன்றாட உப்புக் கணக்கில் சேர்கிறது. கூட்டுக் குடிநீர்க் குழாயில் வரும் தண்ணீரைக் குடிக்கவும் சோறு குழம்பு வைக்கவும் ஒதுக்கிக்கொண்டு, போர்வெல் நீரைத் துவைக்கவும் குளிக்கவும் வைத்துக்கொள்ளுங்கள். குழாய் நீர் கிடைக்காத நாளில், அந்தத் தண்ணீரில் சமைக்கும் குழம்புக்கு வழக்கமாகப் போடும் உப்பில் பாதியைப் போட்டு ருசி பார்த்த பிறகே மேற்கொண்டு சேருங்கள்.