மூன்று கோபுரங்களும் ஒரு கப்பலும்: வாசகர் கேள்வி – பதில்

சிமெண்ட், பெயின்ட், பம்ப்செட் விற்பனையாளர்களை ‘டீலர் டூர்’ என்ற பெயரில் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் அழைத்துச் செல்வது கொங்கு வட்டாரத்தில் வழக்கமாகிவிட்டது. கோவையிலிருந்தே சிங்கப்பூருக்கு நேரடி விமானம் இருப்பதால் குடும்பமாகப் போய்வருவோரும் பலர். அங்குள்ள பெரிய கேசினோ விடுதிகளைப் பற்றி வந்திருக்கும் கேள்விகளுக்கு இந்த இதழில் விடை தருகிறேன்.

இலக்கை எட்டிய விற்பனையாளர்களைச் சிங்கப்பூரின் மெரினா பே சாண்ட்ஸ் விடுதியில் தங்கவைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். எனக்குச் சூதாட்டத்தில் துளியும் நாட்டமில்லை. விளையாடாதவனுக்கு அங்கே என்ன வேலை?
*– வாசகர், திருப்பூர்*

தயங்காமல் போய்வாருங்கள். மெரினா பே சாண்ட்ஸைக் கேசினோ என்ற ஒரு சொல்லில் அடக்கிவிட முடியாது. 2005ஆம் ஆண்டு சிங்கப்பூர் அரசு இரண்டு சூதாட்டக் கூடங்களுக்கு இடமளிப்பது என்று முடிவெடுத்தபோது, தங்கும் விடுதி, மாநாட்டு மையம், கடைவீதி, கலையரங்கம், குடும்பங்களுக்கான பொழுதுபோக்கு ஆகியவற்றோடு சேர்ந்த ஒருங்கிணைந்த உல்லாசத் தலங்களாகவே அவை அமைய வேண்டும் என்று வகுத்தது. சூதாட்டத் தளத்தின் பரப்பு 15,000 சதுர மீட்டரைத் தாண்டக் கூடாது என்று வரம்பும் கட்டியது. மாநாட்டு, கண்காட்சி மையம் மட்டுமே ஏறத்தாழ 1,20,000 சதுர மீட்டர் என்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அந்தக் கூடம் வளாகத்தில் எவ்வளவு சிறிய பங்கு என்பது விளங்கும். வருவாயில் அதன் பங்கு சிறியதன்று; மற்றவை அனைத்தும் இவ்வளவு பெரிதாக எழும்பியதற்கு அந்தப் பணமே முதன்மைக் காரணம். ஆனால் அதன் வாசலை மிதிக்காமலேயே மற்ற யாவற்றையும் பார்த்துவிடலாம் என்பதுதான் உங்களுக்கு வேண்டிய செய்தி.

2010இல் படிப்படியாகத் திறக்கப்பட்ட இந்த வளாகத்தை வடிவமைத்தவர் மோஷே சாஃப்டி என்ற கட்டடக் கலைஞர். தலா 55 மாடிகள் கொண்ட மூன்று கோபுரங்களின் உச்சியில், 340 மீட்டர் நீளமுள்ள ஒரு கப்பலை ஏற்றிவைத்ததுபோல் வான்தோட்டம் அமைந்திருக்கிறது. அதன் ஒரு முனை, தாங்கும் தூண் ஏதுமின்றி, வடக்குக் கோபுரத்துக்கு வெளியே 65 மீட்டருக்கும் மேல் நீண்டு நிற்கிறது. பொதுமக்கள் சீட்டு வாங்கிக்கொண்டு ஏறும் காட்சித் தளம் அந்த முனையில்தான் உள்ளது. மாலை வெயில் சாயும் வேளையில் ஏறினால் பகல் நகரத்தையும் விளக்கொளி நகரத்தையும் ஒரே சீட்டில் பார்த்துவிடலாம்.

கீழே, நீரோரத்தில், தாமரை போல் பத்து இதழ் விரித்து நிற்கும் கலை அறிவியல் அருங்காட்சியகத்தை நான் கட்டாயம் பரிந்துரைப்பேன். கண்காட்சிகளுக்குக் கட்டணம் உண்டு. ஆனால் அந்தக் கட்டடமே ஒரு காட்சிப்பொருள். இதழ்களில் விழும் மழைநீர் நடுவிலுள்ள திறப்பு வழியாக அருவியாக உள்ளே இறங்கிக் குளத்தில் சேர்கிறது. அந்த நீரைக் கழிப்பறைத் தேவைக்குத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். மழைநீரின் அருமை தெரிந்த நம் பகுதியினருக்கு இது சொல்லாமலே பிடிக்கும். கடைவீதியின் மேற்புறத்தில் நெட் கான் என்ற கலைஞர் அமைத்த பெரிய அக்ரிலிக் கிண்ணம் ஒன்று இருக்கிறது. அதில் நீர் சுழன்று சுழியாகி, கீழ்த்தளத்துக் கால்வாயில் கொட்டும். அந்தக் கால்வாயில் சிறு படகுச் சவாரியும் உண்டு. இரவில் விரிகுடாவின் மேல் நடக்கும் ‘ஸ்பெக்ட்ரா’ என்ற நீரும் ஒளியுமான காட்சி சுமார் கால்மணி நேரம் நீடிக்கும். அதற்குக் கட்டணம் எதுவுமில்லை.

வான்தோட்டத்து நீச்சல் குளத்தின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் தண்ணீர் விளிம்பைத் தாண்டி நகரத்தின் மேலேயே கொட்டுவது போலத் தெரிகிறது. இது எவ்வாறு இயங்குகிறது? கோபுரங்கள் காற்றில் அசைந்தால் குளம் விரிசல் விடாதா?
*– பம்ப்செட் பட்டறை உரிமையாளர், கோவை*

நீங்கள் கேட்டிருக்கும் இரண்டாவது கேள்வியைக் கேட்பவர்கள் மிகக் குறைவு. அதற்காகவே விரிவாகச் சொல்கிறேன். குளத்தின் வெளிவிளிம்பு நீர்மட்டத்தைவிடச் சற்றுத் தாழ்வாகக் கட்டப்பட்டிருக்கிறது. வழியும் நீர், விளிம்புக்கு அப்பால் சற்றுக் கீழே, குளிப்பவர் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு வாய்க்காலில் விழுகிறது. அங்கிருந்து வடிகட்டப்பட்டு, பம்புகளால் மீண்டும் குளத்துக்கே ஏற்றப்படுகிறது. குளத்தில் நிற்பவரின் பார்வையில் வாய்க்கால் மறைந்துவிடுவதால், நீரும் வானமும் ஒன்றாகத் தோன்றுகின்றன.

உயர்ந்த கோபுரங்கள் காற்றில் சிறிது அசையத்தான் செய்யும். மூன்றும் ஒன்றுபோல் அசைவதில்லை. ஆகவே வான்தோட்டத்தை ஒரே விறைப்பான துண்டாகக் கட்டாமல், கோபுரங்களின் தனித்தனி அசைவுக்கு இடம் தரும் இணைப்புகளைக் கொடுத்திருக்கிறார்கள். குளத்தின் அடியிலும் அவை உண்டு. நாளடைவில் அடித்தளம் சிறிது அமுங்கினாலும் விளிம்பு மட்டம் மாறாதிருக்க, குளத்தின் கீழே மட்டம் சரிசெய்யும் ஜாக்கிகளும் உள்ளன. விளிம்பு ஒரு பக்கம் கொஞ்சம் தாழ்ந்தாலும் நீர் முழுவதும் அந்தப் பக்கமே வழிந்துவிடும் என்பது உங்களுக்கு நன்றாகத் தெரியும். தரையிலிருந்து 190 மீட்டருக்கு மேலே, ஏறத்தாழ 150 மீட்டர் நீளத்துக்கு அந்த மட்டத்தைக் காத்து வருவது எனக்கு அந்த வளாகத்திலேயே பெரிய வியப்பு.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: குளத்தில் இறங்கும் உரிமை அந்த விடுதியில் அறை எடுத்துத் தங்குவோருக்கு மட்டுமே. காட்சித் தளத்துச் சீட்டு குளத்துக்குச் செல்லாது.

என் அம்மாயிக்கு எழுபது வயதைக் கடந்துவிட்டது, சுத்த சைவம். அவரையும் அழைத்துச் செல்லலாமா?
*– வாசகி, கோபிசெட்டிபாளையம்*

அழைத்துச் செல்லலாம். வளாகம் முழுவதும் மின்தூக்கிகளும் நகரும் படிகளும் இருக்கின்றன. பேஃபிரண்ட் ரயில் நிலையத்திலிருந்து வெயில் படாமலே கடைவீதிக்குள் நுழைந்துவிடலாம். உணவுக்கு அந்த வளாகத்தையே நம்பியிருக்க வேண்டாம் என்பேன். அதே ரயில் தடத்தில் நான்காவது நிறுத்தம் லிட்டில் இந்தியா. இடையில் வண்டி மாற வேண்டியதில்லை. சிராங்கூன் சாலையில் வாழையிலைச் சாப்பாடும் இட்லியும் கிடைக்கும் சைவ உணவகங்கள் பல உண்டு. வீரமாகாளியம்மன் கோயிலும் அந்தச் சாலையிலேயே இருக்கிறது. தமிழ் அங்கே ஆட்சிமொழிகளுள் ஒன்று என்பதால் பெரியவர் வழி கேட்கவும் தடுமாற மாட்டார். விடுதிக்குப் பின்புறமுள்ள கரையோரப் பூந்தோட்டம் கேசினோவைச் சேர்ந்ததன்று. 2012இல் திறக்கப்பட்ட பொதுப் பூங்கா. கண்ணாடிக் கூடாரங்களுக்குக் கட்டணம் உண்டு. வெளித்தோட்டத்தில் இலவசமாக உலவலாம். பகல் புழுக்கம் கடுமையாக இருக்கும் என்பதால் பெரியவர்களை மாலையில் அழைத்துச் செல்வதே நல்லது.

என் சகலை ஒருவர், தொடர்ந்து விளையாடினால் அறை வாடகையையே தள்ளிவிடுவார்கள், ஆகவே நட்டமே இல்லை என்று சொல்கிறார். உண்மைதானா?
*– வாசகர், கரூர்*

அறை கிடைப்பது உண்மை. நட்டமில்லை என்பது உண்மையன்று. இதைக் கணக்காகவே பார்த்துவிடுவோம்.

ரூலெட் என்பது, சுழலும் சக்கரத்தில் உருளும் பந்து எந்த எண்ணுள்ள குழியில் விழும் என்று பந்தயம் கட்டும் ஆட்டம். ஒற்றைச் சுழியம் உள்ள ரூலெட் சக்கரத்தில் 37 குழிகள். ஒவ்வொன்றிலும் 100 ரூபாய் வைத்தால் மொத்தம் 3,700 ரூபாய். எந்த எண் விழுந்தாலும் ஒன்றுக்கு 35 மடங்கும், வைத்த 100 ரூபாயும் சேர்த்து 3,600 ரூபாய்தான் கைக்கு வரும். 3,700க்கு 100 ரூபாய், அதாவது 2.7 சதவிகிதம், நிறுவனத்துக்கு. இரட்டைச் சுழியச் சக்கரத்தில் குழிகள் 38, அங்கே 5.26 சதவிகிதம். ஆசியக் கேசினோக்களில் மிகுதியாக விளையாடப்படும் பக்காரா என்ற சீட்டாட்டத்தில், இரு தரப்புகளுள் ஒன்றான ‘பேங்கர்’ மீது வைத்தால் நிறுவனத்தின் பங்கு 1 சதவிகிதத்துக்குச் சற்றே மேல்தான். ஆனால் ‘டை’ என்ற சமநிலைப் பந்தயத்தில், ஒன்றுக்கு எட்டு தரும் மேசையில், 14 சதவிகிதத்தைத் தாண்டிவிடும்.

இனி இலவச அறைக்கு வருவோம். ஒருவர் சராசரியாக எவ்வளவு வைக்கிறார், மணிக்கு எத்தனை ஆட்டம், எத்தனை மணி நேரம் என்பதை உறுப்பினர் அட்டையின் வழியாகக் குறித்துக்கொள்கிறார்கள். ஆட்டத்துக்கு 50 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), மணிக்கு 40 ஆட்டம், ஐந்து மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், மேசையில் 10,000 வெள்ளி புரண்டிருக்கும், 2.7 சதவிகிதப்படி எதிர்பார்க்கும் இழப்பு 270 வெள்ளி. இந்த எதிர்பார்ப்பு இழப்பில் ஒரு பங்கைத்தான் அறையாகவும் உணவாகவும் திருப்பித் தருகிறார்கள். ஒரு நாளில் உங்கள் சகலை வென்றும் வரலாம். அதனால் கணக்கு மாறாது. அறை வாடகையைக் கையிலிருந்து கொடுத்துவிடுவதே மலிவு என்று அவரிடம் சொல்லுங்கள்.

என் வீட்டுக்காரர் வியாபாரப் பயணம் என்று சொல்லி அடிக்கடி கேசினோவுக்குப் போய்வருகிறார். கடன் வாங்கியதும் இப்போதுதான் தெரிய வந்தது. அவரைத் தடுக்க அங்கே சட்டம் ஏதும் உண்டா?
*– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு மாவட்டம்*

அம்மா, உங்கள் கடிதத்தை முதலிலேயே படித்து, தனியாகவும் பதில் எழுதியிருக்கிறேன். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காகச் சிலவற்றை இங்கும் சொல்கிறேன்.

சிங்கப்பூர் அரசு இந்தக் கேட்டைத் தொடக்கத்திலேயே எதிர்பார்த்தது. அந்நாட்டுக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் கேசினோவுக்குள் நுழைய ஒரு நாளைக்கு 150 வெள்ளி தீர்வை கட்ட வேண்டும்; 2019 வரை அது 100 வெள்ளியாக இருந்தது. வெளிநாட்டவருக்கு இந்தத் தீர்வை இல்லை. நம்மவர் கடவுச்சீட்டைக் காட்டிவிட்டு இலவசமாக நுழைவது ஒரு சலுகைபோலத் தோன்றும், ஆனால் அவர்களைக் காக்க வைத்த தடுப்பு நமக்கு இல்லை என்பதே அதன் பொருள். தன்னை உள்ளே விட வேண்டாம் என்று ஒருவர் தாமே எழுதிக் கொடுக்கும் தடையாணை முறை அங்கே உண்டு. அந்தத் தடை இருக்கும்வரை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். உங்கள் கணவர் சற்றேனும் மனம் இறங்கியிருக்கும் வேளையில் அந்த விண்ணப்பத்தை உடனிருந்து செய்யவையுங்கள்.

கடனைத் தீர்க்கப் புதிதாகக் கடன் வாங்கிக் கொடுக்காதீர்கள்; நகையை அடகு வைக்காதீர்கள். குடும்பத்தில் அவர் சொல் கேட்கும் பெரியவர் ஒருவரிடம் முழுத் தொகையையும் சொல்லிவிடுங்கள். சூதாட்ட நாட்டம் மருத்துவத்தால் தணிக்கக்கூடிய நோய். மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். அவர் வர மறுத்தாலும் நீங்கள் பேசுங்கள்.

பிள்ளைகளைக் கேசினோ விடுதிக்குள் விடுவார்களா? செந்தோசாவா, கெந்திங் மலையா, எது குடும்பத்துக்கு ஏற்றது?
*– வாசகர், நாமக்கல்*

சிங்கப்பூரில் சூதாட்டத் தளத்துக்குள் 21 வயது நிரம்பாதவர்களுக்கு இடமில்லை. வளாகத்தின் பிற பகுதிகளுக்கு இந்தத் தடை இல்லை. சிறு பிள்ளைகள் இருந்தால் செந்தோசாத் தீவின் ரிசார்ட்ஸ் வேர்ல்டைத்தான் சொல்வேன். யுனிவர்சல் ஸ்டூடியோஸ், கடல்வாழ் உயிரினக் காட்சியகம், நீர் விளையாட்டுப் பூங்கா மூன்றும் அங்கேயே இருக்கின்றன. யுனிவர்சலுக்கு ஒரு முழு நாளை ஒதுக்கிவிடுங்கள்.

மலேசியாவின் கெந்திங் வேறு வகை. கோலாலம்பூரிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணத்தில், 1,800 மீட்டர் உயரத்தில், லிம் கோ டோங் என்ற தொழிலதிபர் காட்டை வெட்டிச் சாலை போட்டு உருவாக்கிய மலைவாசத் தலம் அது. அங்குள்ள ஃபர்ஸ்ட் வேர்ல்ட் ஓட்டலில் 7,351 அறைகள். எண்ணிக்கையில் உலகின் மிகப் பெரிய ஓட்டல் என்று கின்னஸ் பதிவு பெற்றது. மேலே செல்ல கம்பிவட வண்டி உண்டு. வழியில் சின் சுவீ குகைக் கோயிலில் இறங்கிப் பார்த்துவிட்டுத் தொடரலாம். அறை வாடகை சிங்கப்பூரைவிட மிகக் குறைவு. போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ பத்துமலை முருகனையும் தரிசிக்கலாம். இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து போவதானால் கெந்திங்கே கைக்கு அடக்கம். ஊட்டிக்குக் கொண்டுபோகும் அதே ஸ்வெட்டர்கள் போதும். மாலையில் மூடுபனி இறங்கினால் கம்பிவட வண்டியிலிருந்து எதுவும் தெரியாது என்பதால் காலையிலேயே ஏறிவிடுங்கள்.