அரிச்சுவடிக்கு முன்னால் டிபன் பாக்ஸ்

அன்புள்ள ஐயா,

என் மகனுக்கு ஜூனில் ஆறு வயது நிறைகிறது. ஆட்டிசம் என்று மூன்று வயதில் தெரியவந்தது. பத்துப் பதினைந்து சொற்கள் பேசுவான். பக்கத்துத் தெருவில் இருக்கும் அரசு உதவிபெறும் பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்குக் கேட்டோம். "ஸ்பெஷல் ஸ்கூல்ல பாருங்களேன்" என்றார்கள். வேறு பள்ளியில் எதுவும் சொல்லாமல் சேர்த்துவிடலாம் என்கிறார் கணவர். மாமியார் ஒரு வருஷம் போகட்டும் என்கிறார். அ, ஆ எழுதப் பழக்குகிறேன், பென்சிலை வீசுகிறான். இரண்டு மாதத்தில் என்ன செய்யலாம்?

பெயர் வேண்டாம், கும்பகோணம்

அன்புள்ள சகோதரிக்கு,

பென்சிலை இப்போதைக்குப் பரணில் போடுங்கள். எழுத்து வரவில்லை என்று ஜூன் மாதம் எந்தப் பள்ளியிலிருந்தும் போன் வராது. கால்சட்டையை நனைத்துவிட்டான், சாப்பிடவில்லை, கேட்டைத் தாண்டி ஓடிவிட்டான் என்றுதான் வரும். இரண்டு மாதத்தையும் இந்த மூன்றுக்குக் கொடுங்கள்.

முதலில் கழிப்பறை. வீட்டில் ஒழுங்காகப் போகிற பிள்ளைகூடப் பள்ளியில் நாள் முழுக்க அடக்கிக்கொள்ளும். இருட்டு, ஈரத் தரை, வாடை, வாளியில் தண்ணீர் விழும் சத்தம், எதுவும் காரணமாக இருக்கலாம். விடுமுறையில் பள்ளி காலியாக இருக்கும்போது அனுமதி கேட்டு நாலைந்து முறை கூட்டிப்போங்கள். முதல் நாள் எட்டிப் பார்த்தால் போதும். கொக்கியும் ஜிப்பும் வேண்டாம், சீருடைக் கால்சட்டைக்கு எலாஸ்டிக் வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். கேட்கச் சொல் வராவிட்டால், அந்தக் கழிப்பறைக் கதவையே படம் பிடித்து அடையாள அட்டையின் பின்னால் ஒட்டி, அதைத் தொட்டுக் காட்டப் பழக்குங்கள். பள்ளி தொடங்கியபின் தினமும் மாலை தண்ணீர் பாட்டிலைத் தூக்கிப் பாருங்கள். கொடுத்த கனத்திலேயே திரும்பி வந்தால், கழிப்பறைக்குப் பயந்து தண்ணீரைத் தவிர்க்கிறானோ என்று விசாரிக்க வேண்டும்.

அடுத்தது சாப்பாடு. தட்டில் சுடச்சுடத் தோசை தின்கிறவன், நாலு மணி நேரம் டப்பாவில் இருந்து விறைத்த தோசையைத் தொடமாட்டான். அவனுக்கு அது வேறு பண்டம். ஆகவே மே மாதம் முழுக்கக் காலை எட்டரைக்குக் கட்டி, பன்னிரண்டரைக்கு அதே டப்பாவிலிருந்து வீட்டிலேயே கொடுங்கள். ஆறினாலும் எதைத் தின்கிறான் என்று பத்து நாளில் தெரிந்துவிடும். ஜூனில் அது மட்டும்தான். காய்கறி தின்னவைக்க இதுவல்ல நேரம். மூடி திறப்பதைப் பின்னாலிருந்து கற்றுக்கொடுங்கள்: இரண்டு கிளிப்பையும் நீங்கள் விடுவித்து, மூடியை முக்கால் பங்கு தூக்கிவிட்டு, கடைசி இழுப்பை அவனிடம் விடுங்கள். அது கைவந்ததும் முழு மூடி, பிறகு ஒரு கிளிப், பிறகு இரண்டும். முதல் படியிலிருந்து ஆரம்பித்தால் கிளிப்பிலேயே தோற்று டப்பாவை வீசுவான். பின்னாலிருந்து வந்தால் ஒவ்வொரு தடவையும் திறந்தவன் அவன்தான்.

கேட் விஷயத்தில் தாட்சண்யம் வேண்டாம். வகுப்பு நேரத்தில் பூட்டுகிறார்களா, சுற்றுச்சுவர் முழுசாக இருக்கிறதா என்று நீங்களே நடந்து பாருங்கள். ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்குத் தண்ணீர் என்றால் ஈர்ப்பு. உங்கள் ஊரில் குளத்துக்கும் வாய்க்காலுக்கும் பஞ்சமில்லை. பெல்ட்டின் உள்பக்கம் உங்கள் போன் நம்பரை அழியாத மையில் எழுதுங்கள்.

மறைத்துச் சேர்ப்பது கூடவே கூடாது. மறைத்தால் முதல் வாரமே 'அடம்', 'வளர்ப்பு சரியில்லை' என்று பெயர் விழும். அதற்காக மருத்துவ அறிக்கையை நீட்டவும் வேண்டாம், யாரும் படிக்கப்போவதில்லை. ஒரே பக்கம் எழுதுங்கள். "காதைப் பொத்தினால் சத்தம் தாங்கவில்லை என்று பொருள். வராண்டாவில் இரண்டு நிமிஷம் நிற்கவிட்டால் அடங்குவான். கையைப் பிடித்து இழுத்தால் கடிப்பான்." இப்படி ஏழெட்டு வரி போதும். ஒரு பிரதி வகுப்பாசிரியருக்கு, ஒன்று ஆயாவுக்கு. தலைமையாசிரியரைவிட ஆயாவின் தயவுதான் உங்களுக்கு அதிகம் தேவைப்படும்.

சேர்க்க மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் அங்கேயே பேச்சு மாறும். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, சேர்க்கைக்காகப் பிள்ளையை வடிகட்டுவதைத் தடுக்கிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 31ஆம் பிரிவு, 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள 6 முதல் 18 வயதுப் பிள்ளைக்கு அக்கம்பக்கத்துப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி என்கிறது. எது என்று தேர்ந்தெடுப்பது உங்கள் பக்கம், பள்ளியின் பக்கம் அல்ல. மாற்றுத்திறனாளிச் சான்றிதழில் அந்தச் சதவீதம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்துக்குப் போய், இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று அங்கே இருக்கும் சிறப்பாசிரியரை இப்போதே பார்த்துவிடுங்கள்.

மாமியாரிடம் இதைச் சொல்லலாம்: வரிசையில் நிற்பதும் மணிச்சத்தமும் நாற்பது பிள்ளைகள் நடுவே உட்காருவதும் வீட்டில் இன்னொரு வருஷம் இருந்தாலும் வராது.

முதல் வாரம் ஒரு மணி நேரம் போதும் என்று கேட்டு வாங்குங்கள். ஆனால் அழுதவுடன் ஓடிப்போய்த் தூக்கிவராதீர்கள். அழுகைதான் வீட்டுக்கு வழி என்று பிடித்துக்கொள்வான். பை, வகுப்பறை, மணி, அம்மா என்று நாலு போட்டோவை வரிசையாக ஒட்டிக் கொடுத்து, மணி அடித்ததும் அம்மா நிற்க வேண்டும். ஒரு நிமிஷம்கூடப் பிந்தக் கூடாது. அவன் சிரித்துக்கொண்டு வெளியே வரும் நாட்கள் நாலைந்து சேர்ந்த பிறகு அரை மணி கூட்டுங்கள்.

பள்ளியில் சமர்த்தாக இருந்துவிட்டு வீட்டு வாசலில் கத்திப் புரளுவான். பயப்படாதீர்கள், அதுவரை அடக்கிவைத்தது அது. சீருடையைக் கழற்றி, பிடித்த தின்பண்டம் கொடுத்து, ஒரு மணி நேரம் எதுவும் கேட்காமல் விடுங்கள். "இன்னிக்கு என்ன சொல்லிக்கொடுத்தாங்க?" என்பதுகூட வேண்டாம்.