பெட்ரோல் பிக்அப் வண்டியில் எப்போதும் பெட்ரோல் வாடை வருகிறது. மெக்கானிக் "சாதாரணம்தான்" என்கிறார். அப்படியே ஓட்டலாமா?

ஓட்டக் கூடாது. அந்தச் "சாதாரணம்" என்ற சொல்லைப் பார்த்துத்தான் எழுத உட்கார்ந்தேன். எனக்கும் இதையே சொன்னார்கள். நானும் நம்பி நாலு மாதம் ஓட்டினேன்.

நீங்கள் செகண்ட் ஹேண்டில்தான் வாங்கியிருப்பீர்கள். புது வண்டி என்றால் வாரண்டியில் விட்டிருப்பீர்கள், இங்கே வந்து கேட்டிருக்க மாட்டீர்கள். என்னுடையதும் அப்படி வாங்கியதுதான். பெட்ரோலில் ஓடும் சின்ன லோடு வண்டி, எங்கள் பக்கம் குட்டியானை என்போம். இலவம்பாடியில் விடியற்காலை கத்தரிக்காய் ஏற்றி வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் இறக்குவது தினப்படி வேலை. வாங்கிய மறுவாரமே வாடை ஆரம்பித்தது. சில நாள் தலையே வலிக்கும், சில நாள் ஒன்றுமே இருக்காது.

"பெட்ரோல் வண்டியில பெட்ரோல் வாடை வராம வேற என்னாண்ணா வரும்?" என்றார் மெக்கானிக். டேங்க் மூடியை மாற்றினார். அப்புறம் என்ஜினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களின் ஓ-ரிங்குகளை (ரப்பர் வளையங்களை) மாற்றினார். இரண்டுக்கும் சேர்த்து 3,800 ரூபாய் ஆனது, வாடை போகவில்லை. அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை, கைத்தொழில் செய்கிறவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் வாடை எப்போது வருகிறது என்று அவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. நானும் கவனித்துச் சொல்லவில்லை.

பிறகு டிரிப் கணக்கு நோட்டிலேயே இரண்டு வாரம் குறித்து வைத்தேன். ராத்திரி டேங்கை நிரப்பினால் காலையில் நெடி மூக்கைத் துளைக்கும். பாதி டேங்குக்குக் கீழே இறங்கியதும் காணாமல் போகும். என்ஜின் ஓடினாலும் நின்றாலும் ஒன்றுதான். அப்படியானால் கசிவு டேங்கின் மேல்பக்கத்தில்தான் இருக்க வேண்டும். பெட்ரோல் ஊற்றுகிற கழுத்துக் குழாய், அதை ஒட்டி ஓடும் சின்னக் காற்றுக் குழாய், டேங்கின் மேல் பம்ப் உட்காரும் இடத்து ரப்பர் வளையம், இவற்றில் ஏதோ ஒன்று.

அணைக்கட்டு என்ற ஊரில் என் மாமா ஒருவர் இருக்கிறார், அந்தக் காலத்து லாரி மெக்கானிக். ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியை அவர் வீட்டு வாசலில் வெட்டவெளியில் நிறுத்தி, டார்ச்சோடு அடியில் படுத்தேன். (ஒயரில் மஞ்சள் பல்பைத் தொங்கவிட்டுத் தேடாதீர்கள். பல்பு உடைந்தால் அந்த ஒரு பொறி போதும்.) "ஈரத்தத் தேடாதப்பா, அது ஆவியாப் போயிருக்கும். மண்ணு எங்க இல்லைன்னு பாரு" என்றார். டேங்க் முழுக்கச் செம்மண் அப்பியிருந்தது. ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் துடைத்து விட்டதுபோல் மேலிருந்து கீழாக ஒரு கோடு. அது தொடங்கும் இடத்தில்தான் காற்றுக் குழாய் வளைகிறது. கீழிருந்து பார்த்தால் குழாய் நன்றாகத்தான் தெரிந்தது. பின்பக்கம் விரலை விட்டுத் தடவினேன். ஊறிக் கொழகொழவென்று இருந்த ரப்பரில் நகம் இறங்குகிற அளவு வெடிப்பு. விரலை வெளியே எடுத்ததும் நுனி ஐஸ் வைத்ததுபோல் சில்லிட்டது. பெட்ரோல் ஆவியாகும்போது அப்படித்தான் சில்லிடும். முன்பு வண்டியை வைத்திருந்தவர் சாதாரணத் தண்ணீர் டியூபை வெட்டிச் செருகியிருக்கிறார்!

"எல்லாம் எத்தனால் கலந்த பெட்ரோலால்" என்று யாராவது சொல்வீர்கள். 20 சதவீத எத்தனால் பழைய ரப்பரைக் கெடுக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் தண்ணீர் டியூப் எந்தப் பெட்ரோலிலும் ஊறித்தான் போகும்.

டேங்கில் கால்வாசிக்குக் கீழே வந்ததும், பேட்டரி மைனஸ் ஒயரைக் கழற்றிவிட்டு, அதே அளவு பெட்ரோல் ஹோஸும் இரண்டு புது கிளிப்பும் போட்டோம். 400 ரூபாய்கூட ஆகவில்லை. பங்க்கில் நாசில் தானாக நின்ற பிறகு ரவுண்டாக்க ஊற்றச் சொல்வதையும் விட்டுவிட்டேன். அப்படித் ததும்ப ஊற்றினால், ஆவியை உறிஞ்சிக்கொள்ளும் கரி டப்பாவுக்குள் பெட்ரோலே போய் அதைக் கெடுத்துவிடும். அதிலிருந்தும் வாடை வரும்.

உங்கள் வண்டியில் என்ஜின் ஓடும்போது மட்டும் வாடை வந்தால் விஷயம் வேறு. பம்பிலிருந்து இன்ஜெக்டருக்குப் போகும் லைனில் சுமார் 3 பார் அழுத்தம் இருக்கும், கார் டயரில் இருப்பதைவிட அதிகம். அதை நீங்களே கழற்றாதீர்கள். ஒர்க்ஷாப்புக்கு ஓட்டிக்கொண்டும் போகாதீர்கள், மெக்கானிக்கை வீட்டுக்கே வரவழையுங்கள். என்ஜின் ஆயில் அளவு பார்க்கும் குச்சியையும் முகர்ந்து பாருங்கள். அதில் பெட்ரோல் வாடை அடித்தால் இன்ஜெக்டர் ஒழுகுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

அந்த நாலு மாதத்தில் ஒருநாள் மார்க்கெட்டில் என் மூட்டைகளை "பெட்ரோல் வாடை" என்று சொல்லித் திருப்பிவிட்டார்கள். அது நியாயம். ஆனால் கேள்விக்குச் சம்பந்தம் இல்லாவிட்டாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் முள்ளு கத்தரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் பிறகு எங்கெங்கிருந்தோ வரும் காயை எல்லாம் இலவம்பாடி காய் என்று கூவி விற்கிறார்கள். அதே கடையில் எங்கள் காயைக் கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைத்துக் கேட்கிறார்கள். காம்பில் முள்ளைத் தொட்டுப் பார்த்து வாங்குங்கள்.

சரி, வண்டிக்கு வருகிறேன். சரிசெய்யும் வரை அதை ஷெட்டுக்குள் விடாதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், மேலே போகாமல் தரையோடு பரவும். என் ஷெட்டிலிருந்து எட்டடியில் அம்மாவின் வெந்நீர் அடுப்பு இருந்தது. டேங்க் நிரம்பிய வண்டி பக்கத்தில் நிற்க, அந்த நாலு மாதமும் விடியற்காலை நாலு மணிக்கு அதில் விறகு மூட்டிக்கொண்டிருந்தார். வெடிப்பைக் கண்டுபிடித்த அன்று சாயங்காலமே அடுப்பைப் பெயர்த்துக் கொல்லைக்குக் கொண்டுபோனேன். வண்டி சரியான பிறகும் அது அங்கேதான் இருக்கிறது.